நாலு விரல் கித்தா

சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பரை ஷீட்டாக்கும் ஸ்டோரில், என் சித்தப்பா இஞ்சின் டிரைவர். நான் ஜொகூர் பாருவில் ஒரு பட்டறையில் எந்திர வரைபடங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ரயிலேறிப் போன அன்று ஸ்டோரிலிருந்து புகை வந்தது. ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

ஸ்டோரில் உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கிடையே கொடுத்து ஷீட்டாக இழுப்பார்கள். இஞ்சின் ஓர் இரும்புத் தட்டைச் சுழற்றும். தட்டின் முகத்தை அழுத்திக்கொண்டு ஒரு சிறு சக்கரம் உருளும். அது உருளைகளைச் சுழற்றும். பல் எதுவும் கிடையாது. சக்கரத்தைத் தட்டின் நடுப்பக்கம் தள்ளினால் உருளை மெதுவாக ஓடும், ஓரத்துக்குத் தள்ளினால் வேகமாக. தடித்த முதல் இழுப்புக்கு மெதுவாக; கடைசி இழுப்புக்கு வேகமாக.

சக்கர விளிம்பில் முதலில் இருந்தது ஒரு விரல் அகலத் தோல். உருளைத் தண்ணீர் தெறித்து அது வழுக்கியது. கித்தாத் தோட்டத்தில் வழுக்கலுக்கு வேறு மருந்து யாருக்குத் தோன்றும்? சித்தப்பா சக்கரத்தின் பக்கத்தில் பலகை கொடுத்து அகலமாக்கி, தோலுக்கு மேலேயே நாலு விரல் அகலத்துக்கு எங்கள் ஷீட்டையே சுற்றிவிட்டார். தோட்டத்தை நடத்தும் துரை பாராட்டினார். பிறகு கித்தா சூடேறிப் புகைந்து இளகியது, இஞ்சின் திணறியது, முதல் இழுப்பிலேயே உருளை நின்றது. இன்றைய பால் சாயங்காலத்துக்குள் ஷீட்டாகாவிட்டால் டிரைவர் நாளை முதல் பால்மரப் பட்டை வெட்டப் போகலாம் என்று துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“இன்னும் ரெண்டு வெரல் அகலமா சுத்துங்க டிரைவரே,” என்றார் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி. “பிடிக்கலன்னா பிடி பத்தலன்னு அர்த்தம் லா.”

நான் தட்டில் சாக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டேன்: கித்தாவின் உள்விளிம்பு தொடும் இடத்தில் ஒன்று, வெளிவிளிம்பு தொடும் இடத்தில் ஒன்று. இரண்டின் மேலும் சணல் வைத்து அளந்து, சணல்களைச் சித்தப்பா கையில் கொடுத்தேன். சக்கரம் தட்டின் நடுப்பக்கம் இருக்கையில் வெளிவட்டச் சணல் உள்வட்டச் சணலைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளம்.

“தட்டு ஒரு சுத்து சுத்தினா உள்பக்கம் இவ்வளவு ஓடுது, வெளிப்பக்கம் இவ்வளவு. சக்கரம் எதோட ஓடும், சித்தப்பா?”

அவர் யோசித்தார். “நடுவால ஓடும்.”

“அப்ப ரெண்டு ஓரமும்?”

“ஒண்ணு முன்னால இழுக்கும், ஒண்ணு பின்னால இழுக்கும்.”

“நம்ம கங்காணிங்க மாதிரி,” என்றார் கிராணி.

“அந்த இழுபறிதான் சூடு. இஞ்சின் பலம் அங்கேயே தேஞ்சு போவுது. அகலம் கூடினா இன்னும் கூடும். நடுவுக்குக் கிட்ட போகப் போக இன்னும் மோசம்.”

“தொரை நல்லாருக்குன்னு சொன்னாரும்மா.”

“தொரை உருளைய ஓட்டலையே, சித்தப்பா.”

 சித்தப்பா பால் வெட்டும் கத்தியைக் கேட்டார்.

கித்தாவும் பலகையும் போயின. அடியில் பழைய தோல் நன்றாகவே இருந்தது. அதைத் துடைத்துக் காயவைத்தோம். தண்ணீர் தெறிக்காதபடி உருளைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தகரம் அடித்தோம். சக்கரத்தைத் தட்டோடு அழுத்தும் சுருள்வில்லை இறுக்கினோம். இஞ்சின் திணறவில்லை. சூடு முழுக்கப் போய்விடவில்லை. நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கக்கூடிய சூடு.

பால் பாதி ஷீட்டாகியிருந்தபோது துரை வந்தார். உருளையைப் பார்த்தார், பிறகு சக்கரத்தை.

“டிரைவர், இது ரொம்ப மெலிசு. அகலமா போடு.”

கிராணி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா துரையிடம் அதுவரை மறுத்துப் பேசியதில்லை.

“வேணாங்க தொரை. அகலமானா இஞ்சின் பலத்தைச் சக்கரமே தின்னுடும்.”

துரை கொடியில் தொங்கிய ஷீட் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். எங்கும் ஒரே தடிமன்.

“நாளைக்கும் நீயே ஓட்டு,” என்றார்.

 சித்தப்பா கடைசி இழுப்புக்காகச் சக்கரத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.