சங்கு ஊதினால் ஒரு பல்

டி.டி.எஸ். என்று எங்காவது எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் முதலில் சங்குச் சத்தம்தான் கேட்கிறது. கோவில் சங்கு அல்ல, தேயிலை ஃபேக்டரிச் சங்கு. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தச் சங்கு மட்டும் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

வெள்ளைக்காரத் துரைமார் காலம் அது. நான் குன்னூரில் பிறந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துவிட்டு, இருபத்திரண்டாவது வயதில், சேரங்கோட்டுக்கு அப்பால் இருந்த ஓர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, எட்டுக் கட்டில், ஒரு சுவர்க் கடிகாரம், மருந்து கலக்க ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு கம்பவுண்டர். டாக்டர் நாலைந்து எஸ்டேட்டுக்குப் பொது. செவ்வாயும் வெள்ளியும் மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற நாட்களில் அவருடைய எழுத்துதான் எங்களுக்கு டாக்டர்.

அந்த எழுத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆசையாகவும் இருக்கிறது. பாதி கோழி கிண்டியது போல இருக்கும். ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் போடும் அந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்து மட்டும் அச்சடித்தது போலத் தெளிவாக இருக்கும். ஒருவேளைக்கு ஓ.டி., இருவேளைக்கு பி.டி., மூன்று வேளைக்கு டி.டி.எஸ்., தேவைப்பட்டால் மட்டும் என்றால் எஸ்.ஓ.எஸ். எல்லாம் லத்தீன் என்று படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் சொல்லும் லத்தீன் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியாது, ஆனாலும் முட்டி போட்டுக் கேட்போம். நோயாளிகளும் டாக்டரின் எழுத்தை அப்படித்தான் பார்த்தார்கள். தலைமாட்டு அட்டையைத் தொட்டுக் கும்பிட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். மூக்குப்பொடி போடுவார், எதற்கும் அவசரப்பட மாட்டார். நோயாளிகள் காதில் விழாமல் பேச வேண்டியதை நாங்கள் இந்த எழுத்துகளிலேயே பேசிக்கொள்வோம். நாளடைவில் எங்கள் அன்றாடப் பேச்சும் அதிலேயே நடந்தது.

"நர்ஸே, சாயா எஸ்.ஓ.எஸ்." என்பார், பத்து மணிக்கு.

"உங்களுக்கு அது எப்பவோ டி.டி.எஸ். ஆயிருச்சுங்க" என்பேன் நான்.

ஒரு மேஸ்திரி இருந்தார். வீட்டில் சண்டை வந்தால் நெஞ்சுவலி என்று எங்களிடம் வந்து படுத்துக்கொள்வார். கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ரொம்பவும் கவலையான முகத்தோடு அட்டையில் என்.பி.எம். என்று எழுதி மாட்டிவிடுவார். வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று அர்த்தம். மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி வரும், இவருக்கு வராது. சாயங்காலத்துக்குள் மேஸ்திரிக்கு நெஞ்சு சரியாகி, தானே நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் இருவரும் மருந்தறைக்குள் போய்ச் சிரிப்போம்.

எங்களுக்குத் தலைவலியாக இருந்தது டி.டி.எஸ். ஒன்றுதான். கட்டிலில் படுத்திருப்பவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து நான் கொடுத்துவிடுவேன். மருந்தை வாங்கிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் தொந்தரவு. கடிகாரம் கிடையாது. மிக்சர் என்ற தண்ணீர் மருந்துப் பாட்டிலில் கம்பவுண்டர் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார். ஒரு ஓரத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டியிருப்பார். ஒரு பல் ஒரு வேளை. எவ்வளவு குடிப்பது என்பதை அது சொல்லிவிடும், எப்போது என்று சொல்லாது. காலையில் கொழுந்து பறிக்கப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். வந்ததும் மூன்று பல்லையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படுப்பார்கள். கேட்டால், "மொத்தத்துல மூணுதானுங்களே" என்பார்கள்.

எனக்கு வாயும் நீளம், கோபமும் அதிகம். நாலு பேரைத் திட்டிப் பார்த்தேன், பலன் இல்லை. அப்புறம் ஒரு நாள் சங்குச் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபேக்டரிச் சங்கு நாளைக்கு மூன்று தடவை ஊதும். காலையில் ஆள் சேர்க்க, மத்தியானம் கொழுந்து நிறுக்க, சாயங்காலம் வேலை முடிய. மலை முழுக்கக் கேட்கும். டி.டி.எஸ். வேறு என்ன?

"சங்கு ஊதினா ஒரு பல்லுக் குடி" என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் மலைக்குப் போனார்கள். மத்தியானச் சங்குக்குக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, வரிசையாக நின்று ஒரு பல், ஒரு பல் என்று குடித்தார்கள். டாக்டர் அதைக் கண்ணால் பார்த்தார். "பிரமாதம்! மத்த எஸ்டேட்டுலயும் சொல்லப் போறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குன்னூருக்கு அப்பாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். கம்பவுண்டர் மட்டும் பொடியை உறிஞ்சிக்கொண்டு, "சங்கு நம்ம ஆஸ்பத்திரி சாமானம் அல்லல்லோ, நர்ஸே" என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மலேரியா. எட்டுக் கட்டிலில் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, சேலத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள், என் வயதுதான் இருக்கும். ஏழு மாத கர்ப்பம். முதல் குழந்தை தவறிப்போய் இது இரண்டாவது. காய்ச்சலில் உளறும்போதுகூட வயிற்றிலிருந்து கையை எடுக்க மாட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும், அந்தக் குழந்தை பிறக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை. நோயாளிகளில் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்று படித்திருந்தேன். படித்தது வேறு, மனசு வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. கட்டில் வேண்டியிருந்ததால் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மலேரியாவுக்கான கொயினா மிக்சர், டி.டி.எஸ்., பன்னிரண்டு பல். கர்ப்பிணிக்குக் கொயினா கூடிப்போனால் குழந்தை தங்காது என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. இவள் மூன்று பல்லையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டால்? அதனால் பாட்டிலைக் கையில் கொடுத்து, கன்னத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பிச் சொன்னேன்:

"சங்கு ஊதினா ஒரு பல்லு. சங்கு ஊதாம ஒரு சொட்டு வாயில படக் கூடாது. பட்டா கொழந்தைக்கு ஆகாது. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க, நர்ஸம்மா" என்றாள்.

மறுநாள் விடியும் முன்பே ஃபேக்டரி பாய்லர் உடைந்தது. கோயமுத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும், மழையில் ரோடு சரிந்து கிடந்தது. ஃபேக்டரியும் ஓடவில்லை, சங்கும் ஊதவில்லை. மேஸ்திரிமார் தகரத்தைத் தட்டிக்கொண்டு லைன் லைனாகப் போய் ஆள் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த அமைதி எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? புதன், வியாழன் இரண்டு நாளும் சங்கு எழுப்பாததால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் புரண்டு படுத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சுகமாக இருக்கிறது என்று கம்பவுண்டரிடம் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை, டாக்டர் வந்திருந்த நேரம். கம்பளியில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து, அவள் புருஷனும் இன்னொருவனும் அவளைத் தூக்கி வந்தார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பிரசவ வலியும் கண்டிருந்தது. புருஷன் மடியிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். பன்னிரண்டு பல்லில் ஒன்றுதான் இறங்கியிருந்தது.

டாக்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏன் குடிக்கலை? எத்தனை சொன்னாலும் இவங்களுக்கு ஏறாது!" என்று சத்தம் போட்டார்.

குளிரில் அவளுக்குப் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "சங்கு ஊதலீங்களே, நர்ஸம்மா. ஊதாம குடிச்சா கொழந்தைக்கு ஆகாதுன்னீங்களே. ஊதும் ஊதும்னு பாத்துட்டே கெடந்தனுங்க."

டாக்டர் அதற்குள் ஊசி மருந்து எடுக்கத் திரும்பியிருந்தார், சரியாகக் கேட்டிருக்காது. கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சீட்டில் டி.டி.எஸ். தெளிவா உண்டு. நர்ஸ் ஒண்ணும் பறையண்டா" என்றார். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், நல்ல மனுஷர். நானும் ஒரு நிமிஷம் அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். ஒரு நிமிஷம்தான், ஆனால் நின்றேன்.

பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் தப்பு இல்லை, நான்தான் சங்கு ஊதாமல் குடிக்காதே என்றேன், சங்கு நின்றபோது லைனுக்குப் போய்ச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "நான்தானே பிரமாதம்னு சொன்னேன்" என்றார். அன்றைக்கே அந்தச் சங்கு ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லி மற்ற எஸ்டேட்டுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு லைன் முழுக்க அலைந்தேன். இன்னும் ஆறு வீட்டில் பாட்டில் அப்படியே இருந்தது. எல்லாம் இருமல், சிரங்கு. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கு ஆனது. சனிக்கிழமை காலை குழந்தை பிறந்தது, அழவில்லை. ஆண் குழந்தை. துணியில் சுற்றி அவள் புருஷன் கையில் நான்தான் கொடுத்தேன். அவன் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் பாய்லர் சரியாகிச் சங்கு ஊதியது. நான் அடுத்த கட்டிலில் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. சங்குச் சத்தத்துக்கு வாயை மட்டும் திறந்தாள், மருந்துக்காக. கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தேன். விழுங்கினாள். அதற்கப்புறம் நான் மருந்தறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கம்பவுண்டர் வந்தார். ஒரு டம்ளர் சாயாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த எழுத்தும் சொல்லாமல் போய்விட்டார்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதத்தில் மறுபடியும் காய்ச்சல். டாக்டர் எழுதியதும் அதேதான், கொயினா மிக்சர், டி.டி.எஸ். இந்தத் தடவை கட்டில் காலியாக இருந்தது. இங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கட்டிலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அந்தக் கட்டில் வேண்டாமுங்க. ஊட்டுலயே இருக்கறேன்."

"அப்ப மருந்து?"

"சங்கை நம்பி இருக்க மாட்டனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தாள் என்றுகூட எனக்கு ஞாபகம். "நீங்களே வந்து குடுங்க, நர்ஸம்மா. நீங்க வந்தா குடிக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் லைனுக்கு அரை மைல். தேயிலைக்கு நடுவே சறுக்கலான ஒற்றையடிப் பாதை. நாளைக்கு மூன்று தடவை இறங்கி ஏறினேன். அட்டை கடிக்கும், செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும், நனைந்த புடவை காயவே காயாது. இவ்வளவு திட்டிக்கொண்டே நடந்த அந்தப் பாதைக்குத்தான் இன்றைக்கு மனசு ஏங்குகிறது. வாசலில் என் தலை தெரிந்ததும் அவள் பாட்டிலை எடுத்துப் பட்டையில் அடுத்த பல்லைக் காட்டுவாள். நான் ஊற்றுவேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "கசக்குதுங்க" என்பாள், ஒவ்வொரு தடவையும். மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கும் சாக்கில் பிரசவம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

பிரசவமும் அந்த வீட்டிலேயேதான் நடந்தது. நல்ல மழை. பெண் குழந்தை. பிறந்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், லத்தீனில் தெரிந்ததையும் சேர்த்து. அப்புறம் கத்தியது பாருங்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கம்பவுண்டர் பிறப்புப் பதிவேட்டை விரித்து, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "சமயம் எத்ர, நர்ஸே?" என்று கேட்டார்.

பிறந்த நேரத்தைப் பார்ப்பது நர்ஸ் வேலையில் முதல் பாடம். நான் பார்க்கவில்லை. சங்கு ஊதியதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுப் பதிவேட்டை மூடினார்.