வட நோர்வேயின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை

கோலாலம்பூரில் எனக்குக் கிடைத்த வேலை, காலை வெயிலில் உட்கார்ந்து இரவைப் பார்ப்பது. வானிலைச் செயற்கைக்கோள்கள் இருட்டில் எடுத்த படங்கள் அமெரிக்காவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும். சுமத்ராவின் காட்டுத்தீயை ஆராய்ந்த விரிவுரையாளருக்காக அவற்றை நானும், மலாயில் அக்கா என்று பொருள்பட ‘கக்’ என்று நான் அழைக்கும் ரோஹானியும் பிரித்து அடுக்குவோம். சின்ன வெள்ளைப் புள்ளி என்றால் ஊர் விளக்கு, பெரிதென்றால் தீ. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து நான் கல்யாணமாகிக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருந்தேன். தம்பி ராசன் வட நோர்வேயில் ஒரு மீன் ஆலைக்குப் போயிருந்தான். ஊரில் அம்மா மட்டும். மாதம் ஒருமுறை எனக்கு போன் எடுப்பதாகச் சொல்லிப் போனவன், சொன்னபடியே எடுத்தும் வந்தவன், திடீரென்று எடுப்பதை நிறுத்திவிட்டான். அம்மாவுக்கு அவன் சுகம் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். சுகமா என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் படக்கட்டுக்குள் தவறுதலாக ஐரோப்பாவின் வடக்குப் படமொன்று வந்திருந்தது. ராசனின் ஊர் இருந்த கரைமீது அகலமான வெள்ளைப் பட்டை வளைந்து கிடந்தது. படத்திலிருந்த தேதி, அவன் போன் நின்ற சமயத்துத் தேதி. கக் ரோஹானி குனிந்து பார்த்து, “கெபாகாரான் பெசார் லா” என்றார். பெரிய தீயாம். விரிவுரையாளர் வெளியூரில். கேட்க வேறு ஆளில்லை. அங்கே விடிந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசி நிலையத்துக்குப் போய், செலவுக்குப் பயந்து அதுவரை எடுக்காத ஆலை எண்ணுக்கு எடுத்தேன். மறுமுனையில் பேசியவரிடம் “ஃபயர்?” என்று கேட்டேன். “நோ, ஃபிஷ்” என்றார் அவர் பொறுமையாக. ராசனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அவனைக் கூப்பிட்டார். அவனிடம் படத்தில் கண்ட வெள்ளைப் பட்டையைச் சொன்னேன்.

“ஒண்டும் எரியேல்லை அக்கா. அது வடதுருவப் பக்கத்து வானத்து வெளிச்சம். நூர்லிஸ் எண்டு சொல்லுவினம். பச்சையா ஆடும். இஞ்சை ஒருத்தரும் நிமிந்தும் பாக்கிறேல்லை.”

“பிறகேன் நீ எடுக்கேல்லை?”

“மெஷினிலை கை வெட்டுப்பட்டிட்டுது. காயம் இப்ப மாறிட்டுது. அஞ்சு விரலும் இருக்கு. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.”

கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அழுதேன், சிரித்தேன். வரிசையில் காத்திருந்த சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி நின்றுகொண்டார். திரும்பிப் போய்ச் சொன்னபோது கக் ரோஹானி என் முதுகைத் தடவிவிட்டு, தன் பங்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றையும் என் பக்கம் தள்ளினார். அன்றுதான் பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மாலையில் மூன்று படங்களைத் தேடியெடுத்து மேசையில் பரப்பினேன். யாழ்ப்பாணம் இருட்டுக்குள், கோலாலம்பூர் முகிலுக்குள், ராசனின் ஊர் அந்த ஒளிக்குள். மின்விசிறிக் காற்றில் படங்கள் எழும்பின. இரண்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். மூன்றாவதற்குக் கை இல்லை; அது படபடத்துக்கொண்டே இருந்தது.