உடன் பயணம் செய்யாத ஒருவர்

அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். தம்பி கூப்பிட்டான், அது நியாயம். தம்பி மனைவி கூப்பிட்டாள், அக்கம்பக்கத்தில் கூப்பிட்டார்கள், அவளைவிட நாலு வயது மூத்த ஆபீஸ் மேனேஜரும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் கூப்பிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலிலும், போன வருஷம் எடுத்த பாஸ்போர்ட்டிலும் பத்திரமாக இருந்தது.

போன வருஷம் எடுத்த பாஸ்போர்ட் என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் விசா கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஊரிலுள்ள பாதிப் பேரின் பாஸ்போர்ட் அவள் கைப்பட்டுத்தான் வெளியே போயிருக்கும். புதுமணத் தம்பதிகள், படிக்கப் போகிறவர்கள், பேரன் பேத்தி பார்க்கப் போகிற கிழவர்கள் என்று உலகத்தையே ஏற்றி அனுப்பிவிட்டு, ஐந்தே முக்கால் மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வருவாள். ஃபோட்டோவில் காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. பின்னணி வெள்ளை என்றால் வெள்ளைதான், சந்தன நிறம் இல்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஒரு கை தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். "அந்தம்மா கண்ணுல தப்பு தப்பாது" என்று வாடிக்கையாளர்கள் பயந்துகொண்டே பாராட்டுவார்கள்.

அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினொன்று. அப்பா தொலைதூர பஸ் ஓட்டினார். வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். அவளிடம் கல்யாணம் செய்துகொள்ளாதே என்று யாரும் சொல்லவில்லை. செய்துகொள் என்றும் யாரும் சொல்லவில்லை. இப்படியே வருஷங்கள் ஓடி, தம்பி டைல்ஸ் கடை வைத்து, கல்யாணம் செய்து, அவனுடைய பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிப் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தம்பி கட்டிய வீட்டில் அப்பாவின் அறைக்குப் பக்கத்து அறை அவளுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்திய நாளே கிடையாது.

அப்பாவுக்கு எண்பது முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது தம்பி திடீரென்று சொன்னான்.

"நாம எல்லாரும் சேந்து ஒரு தடவை கப்பல்ல போகணும். வடக்க, நல்லா குளிருற இடமா. கடல்ல மலை மலையா பனி மிதக்குமாம். நாலு தலைமுறையும் ஒண்ணா போனா எப்படி இருக்கும்!" பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும்."

சரி என்று அவள் உடனே தலையாட்டினாள். ஆபீஸில் அவளுடைய நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு படம் உண்டு. வெள்ளைக் கப்பல், அதைவிட வெள்ளையாகப் பின்னால் ஒரு பனிச்சுவர், அடியில் நீலத் தண்ணீர். வருகிறவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவள் ஒருத்திதான் அதைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, அந்தக் கப்பலில் எத்தனை ஜன்னல் என்பதுகூட அவளுக்குத் தெரியும். ஒரு தடவை அதில் ஏறி அந்தப் பனியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம்.

ஏழு மாதம் அவள் அந்தப் பயணத்துக்கு மாடாய் உழைத்தாள். எந்த மாதத்தில் போனால் கடல் அடங்கியிருக்கும் என்று விசாரித்தாள். தம்பியின் மருமகளுக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும். ஆகவே ஆட்டம் குறைவான நடுத்தளத்தில் அறைகள். தம்பியின் மாமனாருக்குச் சர்க்கரை, மாமியாருக்கு முழங்கால். இரண்டையும் கப்பல்காரனுக்கு முன்கூட்டியே எழுதினாள். மாப்பிள்ளையின் இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததை நேராக்க மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினாள். குழந்தைகளின் மார்புச் சுற்றளவை நாடா வைத்து அளந்து மிதவைச் சட்டைக்கு எழுதினாள். யார் யாருக்கு எத்தனை கம்பளி உடுப்பு என்று பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பன்னிரண்டு பேருக்கு ஆறு அறை பிடித்து வைத்தாள். ஆறாவது அறை லிஃப்டுக்குப் பக்கத்தில். அது அப்பாவுக்கும் அவளுக்கும்.

"ரூம் எல்லாம் ஆச்சாக்கா?" என்று தம்பி ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"ஆறும் ஆச்சுடா."

"ஆறா?" என்றான். "சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்." கடைக்குக் கிளம்பிவிட்டான்.

அப்புறம் அவன் பேசவில்லை. ஆனால் பேச்சு மாறத்தான் செய்தது. "நாங்க கிளம்புற அன்னைக்குப் பெரிய வண்டியா சொல்லணும்கா" என்றான். "நாங்க திரும்புறப்ப பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும்" என்றாள் தம்பி மனைவி. நாம என்று புறப்பட்ட பேச்சு எப்போது நாங்க ஆனது? ஓர் எழுத்து மாறினால் படிவத்தைத் தூக்கி முகத்தில் அடிக்கிறவள், அவள் காதில் இத்தனை முறை விழுந்த இந்த மாற்றத்தைக் காணாதவள்போல் இருந்துவிட்டாள். வாய் தவறிச் சொல்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் கெட்டிக்காரிக்கும் காது மந்தமாகிவிடுகிறது, என்ன செய்ய?

அது மட்டுமா? நீலத்தில் தடியாக ஒரு கோட் வாங்கினாள். அதை ஆபீஸுக்கு எடுத்துப் போய், மதிய இடைவேளையில் ஏசியைக் கடைசிவரை கூட்டிவைத்து, அதன் நேர் கீழே நின்று போட்டுப் பார்த்தாள்.

"கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கீங்கக்கா" என்று கேஷியர் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரி, சிரி. பனியில நின்னு உனக்குத்தான் முதல் ஃபோட்டோ அனுப்புவேன்" என்றாள் அக்கா. பதினான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது மேனேஜர் பதறிப்போய், "லீவா? நீங்களா? உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டார்.

கடைசியாகக் கப்பல் கம்பெனியின் படிவங்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று. பன்னிரண்டையும் அவளே தன் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினாள். ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவசரத் தொடர்புக்கு: தங்களுடன் பயணம் செய்யாத ஒருவரின் பெயர், உறவு, தொலைபேசி எண். கவுன்ட்டரில் அவள் அந்தக் கட்டத்தை எப்போதும் கடைசியாகத்தான் கேட்பாள். ஜனங்கள் அங்கே வந்ததும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், வரிசை நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. அதே மேஜை. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். படிவங்களை அடுக்கிவைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுது. இந்த அவசரத் தொடர்புக்கு மட்டும் யார் பேரைப் போடறது? நாமதான் எல்லாருமே போறோமே. வெளியாள் யாராவது சொல்லுங்க. நான் எங்க கேஷியர் பேரைப் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

"உன் பேரைப் போடேன்க்கா" என்றான் தம்பி.

அவள் சிரித்துவிட்டாள். "ஏன்டா, கப்பல்ல இருக்கிறவ பேரையே போட்டா கப்பல்காரன் சிரிக்க மாட்டான்? முழுகினா எல்லாரும் சேந்துதான் முழுகுவோம். யாருக்குடா ஃபோன் பண்ணுவான்?"

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த வாய். தம்பி மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாதி வழியில் நின்று புருஷனைப் பார்த்து, "நீங்க இன்னும் சொல்லலியா?" என்றாள்.

"என்ன சொல்லல?" என்று கேட்டாள் அக்கா.

தம்பி தண்ணீர் குடித்தான். மடக் மடக்கென்று முழு டம்ளரையும் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "அப்பாவால குளிரைத் தாங்க முடியாதுக்கா. டாக்டரும் யோசிச்சாரு. அப்பாவே சொல்லிட்டாரு, 'நாங்க வீட்ல இருந்துக்கறோம், நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க'ன்னு."

"நாங்கன்னா?"

"நாங்கன்னா அப்பாவும் நீயும்தான். வேற யாரு? அப்பாவை விட்டுட்டு நீ எப்படி வருவே? உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். அப்பா உங்கிட்டப் பேசாமலா சொல்லியிருப்பாரு?"

"எப்ப சொன்னாரு?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். "ஒரு... அஞ்சாறு மாசம் இருக்கும்."

அஞ்சாறு மாசம். மாப்பிள்ளையின் இனிஷியலுக்காக அவள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது அதற்கப்புறம். மிதவைச் சட்டைக்கு அளவெடுத்தது அதற்கப்புறம். அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. நீலக் கோட்டை இவர்கள் யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்றுதான் நினைத்தாள். கோபம் அதற்குப் பின்னால் வந்தது. வந்தது போகவே இல்லை.

அப்பா கட்டிலில் சாய்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் நடுக்கதவில் நின்றாள்.

"அப்பா, கப்பலுக்கு வரலன்னு சொன்னீங்களா?"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? குளிர்ல விறைச்சுப் போகவா? நாங்க இங்க இருந்துக்கறோம்னு அப்பவே சொல்லிட்டேனே."

"என்னையும் சேத்தா சொன்னீங்க?"

அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. "நீ போகணும்னு நெனச்சியா என்ன? உனக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் கிடையாதேம்மா."

"யாரும் கேக்கலியேப்பா."

"நீ சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா. பிறகு, "சாயந்தர மாத்திரை வெள்ளையா, மஞ்சளா?" என்று கேட்டார்.

"மஞ்சள்" என்றாள் அவள்.

முப்பத்தொரு வருஷ வேலையில் ஒரு படிவத்தையும் அவள் அரைகுறையாக விட்டதில்லை. இதையும் விடவில்லை. பத்துப் படிவங்களிலும் தன் பெயரை, பாஸ்போர்ட்டில் இருக்கிற அந்த முழுப்பெயரை, எழுதினாள். உறவு என்ற இடத்தில் ஒன்றில் அக்கா, ஒன்றில் நாத்தனார், ஒன்றில் அத்தை. தம்பியின் மாமனார் மாமியாருக்குத் தான் என்ன உறவு என்று யோசித்து, கடைசியில் 'உறவினர்' என்று போட்டாள். பிறகு ஆறாவது அறையை ரத்து செய்யச் சொல்லிக் கப்பல் கம்பெனிக்கு எழுதினாள். பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் மிச்சம். தன்னுடைய படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அடியில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அவளுக்கென்று இருந்த அத்தனை பேரையும், அப்பாவையும் சேர்த்து, கப்பலில் ஏற்றித்தான் அவள் படிவம் போட்டிருந்தாள். கரையில் சொல்வதற்கு அந்தக் கேஷியர் பெண்ணைத் தவிர ஒருத்தரும் இல்லை. அவள் அழுதது அதைப் பார்த்துத்தான்.

கிளம்புகிற அன்று குழந்தைகள் அவளைக் கட்டிக்கொண்டன. "உனக்கு என்னக்கா வாங்கிட்டு வர?" என்று தம்பி பெரிய மனதோடு கேட்டான். "பெட்டியெல்லாம் எண்ணி ஏத்து. பதினாலு இருக்கணும்" என்றாள் அவள். வண்டி தெருமுனை திரும்பும்வரை எல்லோரும் கையாட்டினார்கள். ஒருத்தராவது, ஒரு பேச்சுக்காவது, நீயும் வந்திருக்கலாம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தாள். அதுவும் இல்லை. அவ்வளவு சுலபமாக விட்டுப் போக முடிந்திருக்கிறது அவர்களால்.

ஆறாம் நாள் சாயந்தரம் வீடியோ கால் வந்தது. மருமகள் கத்தினாள். "அத்தை, பாருங்க, பாருங்க! பனி!" ஃபோனைத் திருப்பினாள். திரை முழுக்க ஒரே வெள்ளை. அப்படியே அசையாமல் நின்றது.

"என்னம்மா தெரியுது?" என்று அப்பா கேட்டார்.

"வெள்ளையா இருக்குப்பா."

"பனியா?"

"தெரியல. சிக்னல் போச்சு" என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

லீவை அவள் முன்பே ரத்து செய்துவிட்டிருந்தாள். அந்தப் பதினான்கு நாளும் காலையில் அப்பாவுக்கு ஆள் போட்டுவிட்டு ஆபீஸ் போனாள். கேஷியர் பெண் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பெண். எதிர்ச் சுவரில் கப்பல் அப்படியே நின்றது. ஆனால் அக்காவிடம் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. யார் குடும்பமாக வந்து உட்கார்ந்தாலும் படிவத்தைக் கீழேயிருந்து ஆரம்பித்தாள். முதல் கேள்வியே அதுதான். "உங்கள்ல யார் வரல? அவங்களுக்குத் தெரியுமா?" சிலர் திருதிருவென்று முழித்தார்கள். ஒருவர் மேனேஜரிடம் புகார் சொன்னார். மேனேஜர் வந்து, "என்னக்கா இது?" என்றார். "கட்டம் காலியா இருந்தா ஃபார்ம் திரும்பி வரும்" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

தம்பி குடும்பம் திரும்பி வருவதற்கு முந்தின நாள் ஒரு கூட்டம் வந்தது. முன்னால் ஒரு ஆள், "நாங்க எட்டுப் பேர்" என்றார். நாற்காலிகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவதாக ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், எல்லோருடைய ஃபோட்டோவும் காகிதமும் அடங்கிய பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா பேனாவை எடுத்தாள். அந்த ஆளை விட்டுவிட்டு நேரே அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "யாரும்மா வரல?"

இவள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அந்தப் பெண் மளமளவென்று தன் பெயரைச் சொன்னாள், ஃபோன் நம்பரைச் சொன்னாள். இப்படிப் பல தடவை சொல்லிப் பழகியவள் என்பது தெரிந்தது. அக்கா எழுதிக்கொண்டாள்.

"உறவு?" என்று கேட்டாள்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண்.