மேகம் வந்தபோது கதவைத் தட்டியவர்

ஃபிலோ அக்காவைக் கொன்றது ஊதாமல் விட்ட ஓர் ஆலைச் சங்கு. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் எண்ணூரில் குடியிருப்பவர் இல்லை.

காலடிப்பேட்டையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் ஜெனி போன் செய்தாள். "வாணிக்கா, ஆலையிலேர்ந்து கேஸ் வந்துச்சு. அம்மா தெரு மொத்தமும் கதவு தட்டுச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. அம்மா மட்டும் கடைசி வூட்டு வாசல்ல ஒக்காந்துகினு கீது. கூப்ட்டா எழுந்துக்க மாட்டேங்குது." அன்று தட்டப்பட்ட கதவுகளில் ஒன்று என் அம்மாவுடையது. அம்மா உயிரோடு இருக்கிறார்.

இதைப் படிக்கும் பலருக்கு ஃபிலோமினாவைக் காசிமேட்டு ஏலத்தில் தெரிந்திருக்கும். ராயபுரத்தில் பிறந்து எண்ணூரில் வாழ்க்கைப்பட்டவர். விடியலில் மீன் எடுத்து திருவொற்றியூரில் விற்பார். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களிடம், "மீனு ஏற்கெனவே செத்துதான் கீது, என்னையும் ஏன் சாவடிக்கற?" என்பார். சுருக்குப் பையில் சில்லறையோடு மூச்சுக்கு இழுக்கிற மருந்தும் இருக்கும். கடனுக்குக் கேட்டால் சில்லறைக்குப் பதில் மருந்தை எடுத்து நீட்டுவார். "இதான் மிச்சம் கீது, வேணுமா?"

இரண்டு வருடம் முன்பு, துறைமுகப் பகுதிகளில் வாழும் மீனவப் பெண்களுக்கான ஒரு கூட்டத்துக்காக இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தது. தெருவின் சார்பில் ஃபிலோ அக்கா போனார். இங்கிலீஷ் தெரியும் என்பதால் துணைக்கு நான். கூட்டம் முடிந்ததும் எங்களை ஒரு மலையுச்சிக் கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஓர் இரவு தங்கவைத்தார்கள். பல நூறு வருடப் பழைய ஊர். சுற்றிலும் கல் மதில், உள்ளே போக ஒரே வாசல், கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆலிவ் மரங்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மதிலோரம் ஏறும்போது அக்கா ஒருமுறைகூட மருந்தை எடுக்கவில்லை. "இந்தக் காத்த மடிச்சி எடுத்துகினு போவ முடியாதாமே?" என்று கேட்டார்.

லூச்சியா என்ற பெண் ஊரைச் சுற்றிக் காட்டினாள். கோபுரத்தில் ஒரு காவலாள் நிற்பானாம். எதிரி தூரத்தில் தெரிந்ததும் மணி அடிப்பான், வயலில் இருப்பவர்கள் உள்ளே ஓடி வருவார்கள், கதவு மூடப்படும். அக்கா என் முழங்கையை இடித்தார்.

"மணி அடிக்கறவனுக்கு சம்பளம் யாரு குடுத்தாங்கன்னு கேளு."

"ஊர்," என்றாள் லூச்சியா.

"அவன் தூங்கிட்டா?"

தலையை எடுத்துவிடுவார்கள் என்று லூச்சியா சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. "கேட்டுக்கினியா?" என்றார்.

மறுநாள் காலை தேவாலய மணி அடித்தது. கண் விழித்தால், பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. மதிலைத் தாண்டி சந்துக்குள் புகுந்தது. நான் ஜன்னலைச் சாத்துவதற்குள் அக்கா துண்டை நனைத்து என் முகத்தில் அழுத்திவிட்டு வெளியே ஓடிவிட்டார். அவர் கதவு தட்டும் விதம் எங்கள் தெருவுக்குத் தெரியும். உள்ளங்கையை விரித்து, கதவு பெயர்ந்துவிடும்போலத் தட்டுவார். ஒற்றைச் செருப்போடு வெளியே வந்த கிழவர் ஒருவரின் மூக்கில் ஈரத் துணியை வைத்து, "மூஞ்ச மூடு நைனா, காத்து வர்ற பக்கமா நட" என்று இழுத்துக்கொண்டு போனார். நானும் ஈரத் துண்டோடு பின்னால் ஓடினேன். எனக்கும் அது விஷவாயு என்றுதான் பட்டது.

லூச்சியா வந்து சொன்னாள்: "மேகம். இந்தப் பருவத்தில் அடிக்கடி வரும்."

அக்கா குழாயடிக் கல்லில் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தார். "மேகத்துக்கு பயந்து ஊர எழுப்பனவ நான் ஒருத்திதான்." கிழவர் எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னார்: "வெள்ளையா ஒண்ணு வந்தா அவங்களுக்கு மேகம்னு தோணுது. யாரும் ஓடல பாத்தியா? நம்ம புள்ளைங்களுக்கு அப்டி எப்பமே தோணப் போவுது?"

ஊர் திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றைத்தான். காற்று கெட்டால் ஊதுவதற்கு ஒரு சங்கு. தெருவை ஒட்டிய ஆலையில் சங்கு இல்லாமல் இல்லை. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் தெருவே அதிர ஊதுகிறது. வாயு கசிந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். குறைதீர்ப்புக் கூட்டத்தில் அதிகாரி, "சங்கு ஊதினால் மக்கள் பீதியடைவார்கள்" என்றார். "பீதி அடைஞ்சாதான் சார் ஓடுவோம்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும்கூட. அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்தது. எதிரி வந்து பல நூறு வருடமான ஊரில் மணி வேலை செய்கிறது. எதிரிக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எங்களுக்குச் சிரிப்பு.

அதன்பிறகு நாங்கள் எல்லோரும் ஃபிலோ அக்காவையே சங்காக வைத்துக்கொண்டோம். வாடை வந்தால் அவர் தட்டுவார் என்று நிம்மதியாகத் தூங்கினோம். தெருவிலேயே மிக மோசமான நுரையீரலை அந்த வேலைக்கு அனுப்புகிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கேஸ் வந்த அன்று, நனைத்த துண்டைக் கடைசி வீட்டுக் குழந்தையின் முகத்தில் கட்டிவிட்டுத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். தனக்கென்று துண்டு எடுத்துப்போகவில்லை. அந்த மலையூரில் என்றால், தூங்கிய காவலாளின் தலை போயிருக்கும். இங்கே தூங்காதவரின் உயிர் போனது.

கல்லறைக்குத் தூக்கிப் போகும்போது ஷிஃப்ட் சங்கு ஊதியது, நேரம் தவறாமல்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் தட்டும் விதம். விரித்த உள்ளங்கை, கதவு திறக்கும்வரை நிறுத்தாத கை. இப்போது என் அம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீரும் துண்டும் இருக்கின்றன. தெருவில் எல்லா வீடுகளிலும் இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி எழுப்பத்தான் ஆள் இல்லை.

போன வாரக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் ஜெனி எழுந்தாள். அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். "எங்கம்மா செத்துடுச்சு சார். இனிமே யாரு தட்டறது? சங்கு வைங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், உங்களத்தான். சங்கு வைங்க."