சாவடி வாசலில் ஒரு காட்டுவாழை

பாகூரிலிருந்து கடலூர் போகும் வழியில், பிரெஞ்சு எல்லைச் சாவடியில் ஒரு காவலர் இருந்தார். பள்ளி வாத்தியாரான நான் வாரந்தோறும் அவரைக் கடந்துதான் ஊருக்குப் போவேன். நெட்டையான மனிதர். யாருடைய பையைத் தொடுமுன்னும் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

சாவடி வாசலில் அழகுக்கென்று ஒரு காட்டுவாழை வளர்த்திருந்தார். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில் பாதி அதற்குத்தான். பல வருஷம் கழித்து அது குலை தள்ளியது.

"இன்னா வாத்தியாரே, இனிமே பக்கத்துல கன்னு வுடுமில்ல?" என்று ஆசையாகக் கேட்டார்.

மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு அந்த வாழையைத் தெரியும். "இது கன்னு வுடாதுபா. ஒரு தரம் காய்ச்சா அதோட பட்டுப்போயிடும். பழம்கூட வெறும் கொட்டைதான்," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றார்.

மரம் சாய்ந்த பிறகு ஒருநாள், என் பையைச் சோதித்தவர் அதில் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே கரிய கொட்டைகள்.

"போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் குடுக்குறேன். எங்கனாச்சும் ஒண்ணு மொளைக்காதா?"

சில மாதங்களில் அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். என் வீட்டில் மூன்று முளைத்தன. சேதி எழுதிப் போடலாமென்று உட்கார்ந்தபோதுதான், அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை என்பது உறைத்தது.