பதினான்கு நாள் இலவசக் கடையில் ஆண்டவர் செய்த நன்மை

இதை எழுத எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. சபையில் எழுந்து சாட்சி சொல்லம்மா என்று போதகர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஏலக்காய் விற்கிறவள் சாட்சி சொன்னால், ஆண்டவர் பேரைச் சொல்லிக் கடைக்கு விளம்பரம் பண்ணுகிறாள் என்று பேசுவார்களோ என்ற பயம்தான் காரணம். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதப் போகிறாய் என்ற கூச்சமும் உண்டு. ஆனாலும் வாங்கிய நன்மையை மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தில் உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். என் கடையின் பெயரை இதில் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

நாங்கள் போடிநாயக்கனூர். என் வீட்டுக்காரர் பெயர் தேவராஜ். மேலே மலையில் ஒரு சின்ன ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பதினெட்டு வருடமாகப் பாடுபடுகிறார். விடியும்போது ஜீப்பில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். காய்ந்து வரும் காயைச் சல்லடையில் போட்டு அளவு பிரிப்பதும், வெடித்தது வெளுத்ததைப் பொறுக்குவதும் என் வேலை. அத்தனை வருடமும் ஊரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்கு மட்டும்தான் காய் போட்டோம்.

ஏலக்காய் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ அவ்வளவு விலை. அதற்காகச் சில பேர் பச்சைச் சாயம் ஏற்றுவார்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் கேடு என்று தெரிந்தே செய்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

அந்த வருடம் அக்டோபரில் அடைமழை. நாங்கள் வழக்கமாகக் காய் உலர்த்தும் கூடத்தில் அடுப்புக் குழாய் உடைந்துவிட்டது. பறித்த காயை ஈரத்தோடு வைக்க முடியாது. அவசரத்துக்கு வேறொருவருடைய உலர்த்தும் கூடத்தில் ஒரு பகுதியைப் போட்டு எடுத்தோம். அங்கே எங்களுக்கு முன்னால் யாரோ சாயக்காயைக் காய வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகளைக் கழுவிப் பார்க்காமல் எங்கள் காயைப் பரப்பிவிட்டோம். அது எங்கள் தப்பு. இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

நாலு சாக்கு கொண்டுபோனார் என் வீட்டுக்காரர். முதலாளி முதல் சாக்கில் கைவிட்டுக் கொஞ்சம் அள்ளினார். விரலை நனைத்துத் தேய்த்தார். விரல் பச்சையாகிவிட்டது. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

“தேவராஜு, நீயுமா?” என்று மட்டும் கேட்டாராம்.

மற்ற மூன்று சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டில் நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தோம். அந்த ஒரு சாக்கில்தான் சாயம். மூன்று சாக்கும் சுத்தமான காய். கெட்ட சாக்கை என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மண்வெட்டியை எடுத்தார். கொல்லையில் குழி தோண்டி, முப்பது கிலோவையும் கொட்டி மூடினோம்.

ஆனால் பேரை எங்கே போய்க் கழுவுவது? போடியில் ஒரு கடையில் சொன்னது அடுத்த கடைக்குப் போக ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். வேறு எந்த வியாபாரியும் எங்கள் சாக்கைத் தொடவில்லை. டீக்கடையில் இவர் தலையைக் கண்டதும், “பாத்துப்பா, பெஞ்சுல சாயம் ஒட்டிக்கிரும்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து டீக்கடைக்குப் போவதில்லை. பிறகு தோட்டத்துக்குப் போவதும் குறைந்தது. கடைசியில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். உள் அறையில் கிடந்த மூன்று சாக்கிலும் காய் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை இறங்கி வெளுத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். “பதினெட்டு வருசம் மழையிலயும் அட்டைக்கடியிலயும் கிடந்ததுக்கு ஒரு பேருதான் மிச்சம். அதுவும் போச்சு. தோட்டத்தைத் திருப்பிக் குடுத்துட்டுத் திருப்பூர்ல போயி வாச்மேன் வேலை பாக்குறேன். இங்க எனக்கு என்ன சோலி?”

அன்றைக்கு அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, காசு கேட்கவில்லை. எங்கள் காயில் சாயம் இல்லை என்று சொல்ல ஒரு வாயைத் தாரும். ஒரே ஒரு வாய் போதும். இதுதான் என் ஜெபம். மூன்று வாரம் இதையே கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுது அழுது, கடைசியில் அழுகையும் வரவில்லை.

அப்போதுதான் திருப்பூரில் இருக்கும் என் நாத்தனார் கிறிஸ்டி போன் செய்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண், இணையத்தில் தானே கடை கட்டி நைட்டி விற்கிறாளாம். கடை கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறதாம். பதினான்கு நாள் இலவசமாக நடத்திப் பார்க்கலாமாம். பிடித்தால் மாதக் கட்டணம், இல்லையென்றால் விட்டுவிடலாமாம்.

“உள்ளூர்ல தொட மாட்டேங்கிறாகன்னா வெளியூர்ல வித்துட்டுப் போங்க மதினி. அங்க யாருக்கு உங்களைத் தெரியும்?” என்றாள்.

போனை வைத்துவிட்டு ஜெபித்தேன். பிறகு ஆரம்பித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டது எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. கிறிஸ்டி போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அமுக்கினேன். கடையைத் திறந்தவுடன் அவர்களாகவே ஒரு படம் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சோபாவில் சாய்ந்துகொண்டு காபி குடிக்கிறாள். அவளை எடுத்துவிட்டு எங்கள் சல்லடையைப் போட்டோ எடுத்துப் போடுவதற்குள் அரை நாள் போய்விட்டது. கால் கிலோ, அரை கிலோ என்று விலை போட்டேன்.

அதற்கு மேலேதான் ஒரு தப்பைச் செய்தேன். எங்கள் ஊரில் காயைக் கையில் அள்ளிப் பார்க்காமல், ஒன்றை உடைத்து வாயில் போடாமல் யாரும் விலை பேச மாட்டார்கள். சாம்பிளுக்குக் காசு கேட்கிற வழக்கமும் கிடையாது. எனவே முதல் சரக்காக “சாம்பிள், ஒரு கைப்பிடி” என்று போட்டு, விலை என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினேன். தபால் செலவு என்ற இடத்திலும் பூஜ்யம். கீழே தமிழில் எழுதினேன்: “கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றிப் பத்துக் காய் போடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் பச்சையானால் எங்களிடம் வாங்காதீர்கள். உள்ளதை உள்ளபடி இங்கேயே எழுதுங்கள்.”

சபைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் கடையின் முகவரியை அனுப்பினேன். கிறிஸ்டியும் தன் பக்கம் அனுப்பினாள். மூன்று நாள் ஒரு அசைவும் இல்லை. நாலாம் நாள் போன் டிங் என்றது. பிறகு நிற்கவில்லை. திருப்பூர், சிவகாசி, நாகர்கோவில் என்று வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் நாளுக்குள் இருபத்தேழு. சந்தோஷமாகக் கிறிஸ்டியிடம் சொன்னேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்.

“மதினி, இருபத்தேழும் ஓசி சாம்பிளு. ஒருத்தர்கூட வாங்கலை. ஓசியில கடையை வாங்கி ஓசிக்கே நடத்துற ஆளு நீங்க ஒருத்தருதான்.”

பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது. இலவச நாட்களில் அந்தக் கடையில் பணம் வாங்கும் வசதி கிடையாது. கட்டணம் கட்டினால்தான் திறப்பார்களாம். அரை கிலோ கேட்டு வந்தவர்களையெல்லாம் அது திருப்பி அனுப்பிவிட்டது. பூஜ்யம் ரூபாய் சாம்பிளை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. எனக்கு உடம்பே கூசிப் போனது. எடுத்து மூடிவிடலாம் என்று இருந்தேன்.

என் வீட்டுக்காரர் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து வந்தார்.

“பாக்காம எவன் வாங்குவான்? கேட்டுட்டாக, குடுக்கணும். பொட்டலம் போடு.”

பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அது. நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுவோம் என்று சல்லடையை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, சாக்கின் நடு வயிற்றில் கையை விட்டு அள்ளினார்.

“பொறுக்கிப் போட்டா அது சாம்பிள் இல்ல, ஏமாத்து” என்றார்.

இருபத்தாறு பொட்டலம் தபாலில் போனது. இருபத்தேழாவது முகவரி போடியிலேயே இருந்தது. ஒரு பெண்ணின் பெயர். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இது முதலாளி வீட்டம்மா பேரு” என்றார்.

எங்கள் குழுவிலிருந்து யாரோ கேலிக்காக, “சாயக்காரர்கள் இணையத்தில் இறங்கிவிட்டார்கள்” என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி முதலாளியிடமே போயிருக்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அனுப்ப வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் அதற்கும் சாக்கில் கையை விட்டு அள்ளினார். உள்ளூருக்குத் தபால் எதற்கு, நானே கொண்டுபோகிறேன் என்றார். இரண்டு நாள் தடுத்துப் பார்த்தேன்; பிறகு தனியாக விட மனமில்லாமல் நானும் புறப்பட்டேன்.

இதற்குள் சாம்பிள் கிடைத்தவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். கண்ணாடி டம்ளரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாசம் வீட்டையே நிறைக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் சில்வர் டம்ளரில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்டிருந்தார். ஆனால் போடிக்காரர் யாரும் எழுதவில்லை. எங்கள் பேர் போனது போடியில்தானே.

காலை பத்து மணி. முதலாளி கடையில் வழக்கம்போல ஏழெட்டுப் பேர். என் வீட்டுக்காரர் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

“அம்மா பேருல சாம்பிள் கேட்டிருந்தீக. கொண்டாந்திருக்கேன்.”

முதலாளிக்குக் கொஞ்சம் சங்கடம். “நான்தான் கேட்டேன் தேவராஜு. ஊரெல்லாம் அனுப்புறீகளாமே, என்னத்த அனுப்புறீகன்னு பாக்கத்தான்.”

அந்தக் கடையில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. “கொஞ்சம் வெந்நி வேணும் முதலாளி. கண்ணாடி டம்ளரும்” என்றேன்.

எடை போடுகிறவர், “சாயம் போகுதா, இவுக மானம் போகுதான்னு இப்பத் தெரிஞ்சிரும்” என்றார். டீக்கடையிலிருந்து டம்ளரில் வெந்நீர் வந்தது. முதலாளி தன் கையாலேயே எண்ணிப் பத்துக் காய் போட்டார். எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்து ஜெபித்தேன். அந்தப் பத்து நிமிடம் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் பச்சையாகவில்லை. முதலாளி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு காயை ஈரத்தோடு எடுத்துத் தன் வெள்ளைச் சட்டைக் கையிலேயே தேய்த்தார். ஒட்டவில்லை. இன்னொரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஒரு சாக்கைப் பாத்துட்டு நாலு சாக்கையும் சொல்லிட்டேன் தேவராஜு.”

அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் விடவில்லை. “அந்த ஒரு சாக்குல சாயம் இருந்தது நிசந்தான் முதலாளி. அடுத்தவுக தட்டுல காயப்போட்டோம், கழுவல. எங்க தப்பு. குழியில கொட்டிட்டோம்.”

“கொட்டிட்டியா? முழுச் சாக்கையுமா?”

“ஆமா.”

முதலாளி திரும்பிக் கடையில் இருந்தவர்களைப் பார்த்தார். “கேட்டுக்கங்கப்பா. இந்த ஆளு காய்ல சாயம் கிடையாது. நான் சொல்றேன்.”

பிரியமானவர்களே, நான் ஒரு வாயைத்தான் கேட்டேன். எந்த வாய் எங்களைக் கெடுத்ததோ அந்த வாயையே ஆண்டவர் கொடுத்தார். என் அறியாமையையும் ஊராரின் கேலியையும் வைத்தே கொடுத்தார். எனக்கு விவரம் தெரிந்து சாம்பிளுக்கு ஒரு ரூபாய் போட்டிருந்தாலும் அது முதலாளியிடம் போயிருக்காது.

மூன்று சாக்கும் அந்த வாரமே எடை ஏறியது. அடுத்த செவ்வாயோடு பதினான்கு நாள் முடிந்து இலவசக் கடை மூடிக்கொண்டது. எனக்கு வருத்தமே இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்து, முறையாகக் கட்டணம் கட்டித் திரும்பத் திறந்தேன். சாம்பிள் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறார்கள். இப்போது காய் பொறுக்க என்னோடு மூன்று பெண்கள் உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஆர்டர் பார்க்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சாம்பிள் இன்றைக்கும் பூஜ்யம் ரூபாய்தான். யார் தட்டில் காய வைத்தாலும் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் ஒரு காயைப் பரப்புவதில்லை. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்கிறார். “கடைக்காரம்மா, வெரசா வாங்க” என்று கேலி வேறு. அந்தக் கேலியைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை என்று அவருக்குத் தெரியாது. பெருமை பாவம் என்பார்கள். இந்தப் பெருமை ஆண்டவரைப் பற்றியது, அதனால் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். கதவை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். செய்த தப்பு எதுவோ அதை ஒத்துக்கொள்ளுங்கள். மீதியை அவரிடம் கேளுங்கள். சின்னதாகக் கேட்டாலும் போதும்.

இதை உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் கொடுங்கள். ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் கொடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் பக்கத்தில் இருக்கும் தேவாரம் ஊரில் ஒரு கூட்டத்தில் ஒரு சகோதரி, யார் யாரோ சொல்லிக் கேட்ட எங்கள் கதையைச் சாட்சியாகச் சொல்லக் கேட்டேன். பேசுவது என்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியாது. இருபத்தேழு பேர் இருநூறு பேராகியிருந்தார்கள். கெட்டுப்போன ஒரு சாக்கு காணாமலே போயிருந்தது. முதலாளி எங்கள் காலில் விழுந்து அழுதார் என்றார்.

அவர் அழவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தோம்.

ஞானசுந்தரி தேவராஜ்
போடிநாயக்கனூர்