ஏழு மணிக்கு பாசாங்

எங்கள் கிள்ளான் பட்டறையில் நானும் அண்ணனும் செய்வது தோம்பு கழுவும் வேலை. தோம்பு என்று இங்கே எல்லோரும் சொல்வது ஆள் இடுப்பைத் தாண்டும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை. சாஸ், எண்ணெய், சோப்பு ஆலைகளிலிருந்து காலியாகி வரும் தோம்புகளைக் கழுவி, காயவைத்து, மறுபடி விற்கிறோம். கழுவிய தண்ணீர் ஒரு சிமெண்டுக் குழியில் தேங்கும். வாரம் ஒருமுறை லோரி வந்து அதை உறிஞ்சிக்கொண்டு போகும். பட்டறையின் பின்பக்கம் ஒரு கால்வாய். அது நேரே ஆற்றுக்கும், அங்கிருந்து அலையாத்திக் காட்டுக்கும் போகிறது.

ஆறு என்று பெயர்தானே ஒழிய, கடல் பொங்கும் நாட்களில் அது எங்கள் பக்கம் திரும்பி ஓடும். நாங்கள் இங்கே வந்த புதிதில் பெரிய ஏற்றம் வந்தாலும் கால்வாயின் விளிம்போடு நின்றுவிடும். இப்போதெல்லாம் வாசலைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுகிறது. கடல் உயர்கிறது என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, என் செருப்பே சொல்லும்.

சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி நியாயமான மனிதர். கால்வாய் வாயில் நல்ல இரும்புக் கதவு போடுங்கள், குழித் தண்ணீர் வெளியே போனால் லைசென்ஸ் கிடையாது, திங்கட்கிழமை வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். அண்ணனோ ஏற்கெனவே ஷா ஆலத்தில் ஓர் இடம் பார்த்துவைத்திருந்தார். "இங்க இனிமே தண்ணியோடதான் மல்லுக்கட்டணும் பாப்பா, போயிரலாம்" என்பார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. எங்களிடம் வேலை செய்யும் நான்கு பெண்களும் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள். ஷா ஆலத்துக்கு அவர்கள் எதில் வருவார்கள்? எனவே கதவுக்கு அலைந்தது நான். ஆற்றில் நண்டு பிடிக்கும் ஒரு மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவர், எனக்குப் பழக்கம். அவருடைய மருமகன் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். கதவை அவரிடம் செய்யக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பாக்சிக்கிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'காக், பேசோக் பாசாங். புக்குல் தூஜோ.' அக்கா, நாளை பாசாங், ஏழு மணிக்கு.

பாசாங் என்றால் மலாயில் பொருத்துவது. ஏர்கோன் பாசாங் பண்ணணும், ஜன்னல் திரை பாசாங் பண்ணணும் என்று நாங்கள் தமிழிலேயே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கதவு பொருத்த வருகிறார்கள், அதுவும் காலை ஏழு மணிக்கு. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி மதியம் வரும் மருமகன் திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி.

அந்தக் குஷியில் மறுநாள் விடிவதற்கு முன்பே பட்டறை விளக்குகளைப் போட்டு, வேலையாட்களையும் வரவழைத்து, கால்வாய் வாயில் தண்ணீரை மறிக்க அடுக்கியிருந்த பழைய பலகைகளையும் மணல் மூட்டைகளையும் ஒன்றுவிடாமல் அகற்றச் சொன்னேன். வந்ததும் கதவை நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அங்கிள் மட்டும், "தண்ணி மேலதான் நிக்குது மா" என்றார். "ஏழு மணிக்கு ஆளு வந்துருவாங்க லா அங்கிள்" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. ஆள் வரவில்லை.

தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்தது. முதலில் என் கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் முற்றம் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாசாங் என்றால் மலாயில் கடல் ஏற்றம் என்றும் பொருள். பாக்சிக் என்னை எச்சரித்திருக்கிறார், நான் அதைப் படித்துவிட்டு அணையைத் திறந்துவைத்திருக்கிறேன். பிறந்தது முதல் மலாய் பேசுகிறேன், என்ன பிரயோசனம்!

குழி முக்கால்வாசி நிறைந்திருந்தது. முற்றத்தில் ஏறும் தண்ணீர் அதன் உயர்த்திக் கட்டிய விளிம்பைத் தாண்டினால், இறங்கும்போது எல்லா அழுக்கையும் வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். லைசென்ஸ் போகும், பட்டறை போகும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்தது ஒரு சாண்.

அண்ணன் லோரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் எடுக்கவில்லை. சனிக்கிழமை அந்த நேரத்தில் எந்த மனிதன் எடுப்பான்? நான் சுற்றிலும் பார்த்தேன். வரிசை வரிசையாக, பளபளவென்று, அன்று சாஸ் ஆலைக்குப் போகவிருந்த தோம்புகள். எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது.

"அண்ணே, பம்பைப் போடு. குழித் தண்ணிய தோம்புல ஏத்து."

"அது கழுவி வச்ச தோம்பு, பாப்பா!"

"மறுபடி கழுவுவோம். அதானே நம்ம வேலை?"

அண்ணன் ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு ஓடினார், தொப்பையோடு அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பம்ப் உறுமியது. பெண்கள் நால்வரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயை ஒரு தோம்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றினார்கள், நான் மூடியைத் திருகினேன், அங்கிள் ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கினார். தூக்கி எங்கே வைப்பது என்று அவர் கேட்டபோதுதான் இரண்டாவது யோசனை வந்தது. நிரம்பிய தோம்பை நான்கு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

"கால்வாய் வாயில வைங்க அங்கிள். நெருக்கி வைங்க."

அழுக்குத் தண்ணீரை வைத்தே கடலை மறித்தோம். தோம்புக்கு முன்னால் தோம்பு, இடுக்கில் தார்ப்பாய், அதன்மேல் மணல் மூட்டை. குழி இறங்க இறங்கச் சுவர் வளர்ந்தது. எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. பெண்களில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு எல்லோருமே சிரித்தோம், எதற்கென்று தெரியாமலே. அடியில் கிடந்த சேற்றையும் வாளியால் அள்ளிக் கடைசித் தோம்பில் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தபோது ஏழேகால். தண்ணீர் குழியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. எட்டு மணிக்குச் சுவரின் இடுக்குகள் வழியாகவே வடிந்து, வந்த மாதிரியே வெறுங்கையோடு திரும்பிப் போனது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், பார்த்தார், லைசென்ஸ் கிடைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது அல்ல.

அந்தச் சனிக்கிழமை மதியம் தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகு பாக்சிக்கும் மருமகனும் கதவோடு வந்தார்கள். நான் செய்த கூத்தைக் கேட்டு மருமகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாக்சிக் சிரிக்கவில்லை. கால்வாய் வாயிலிருந்து எடுத்து பட்டறை மேடையில் ஏற்றியிருந்த தோம்புகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நாங்கள் பேசியது மலாயில்.

"இது எத்தன நாள் தண்ணி?"

"ஒரு வாரம் கூட இல்ல."

"போன வருஷம் இந்தக் குழி கட்டுனீங்களே. அதுக்கு முன்னாடி எங்க போச்சு?"

இத்தனை வருடமும் அதை நான் மொத்தமாக ஓரிடத்தில் நிற்கவைத்துப் பார்த்ததே இல்லை. கையை ஆற்றுப் பக்கம் காட்டினேன். வெட்கத்தில் காது சுட்டது.

"தெரியும்," என்றார். "அப்பல்லாம் இந்தப் பக்கம் நண்டுக் கூடு போடமாட்டேன். எடுத்தா சோப்பு வாசம்."

"இப்ப?"

அவர் கால்வாய் வாய்க்கு நேர் எதிரே, நண்டுக் கூடு கட்டிச் சேற்றில் நட்டிருந்த ஒரு குச்சியைக் காட்டினார். அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்பால் இன்னும் நான்கைந்து. அன்று காலையும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்.

"உங்கள நம்பித்தான் போட்டிருக்கேன் காக்," என்றார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் போனை எடுத்து, ஷா ஆலம் ஆளைக் கூப்பிட்டு, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.